சென்ட்ஓஎஸ் போனபின் சர்வரில் என்ன போடுவது? மதுரை வட்டாரத்துக் கேள்விகளும் பதில்களும்

மதுரை, திருமங்கலம், மேலூர், கப்பலூர் பக்கம் சொந்தமாக சர்வர் வைத்திருக்கும் கல்லூரிகள், மில்கள், மாசி வீதி மொத்த வியாபாரக் கடைகள், சின்ன மென்பொருள் நிறுவனங்கள் ஆகிய இடங்களிலிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு மூலையில் சென்ட்ஓஎஸ் 7 என்ற இலவச லினக்ஸ் சர்வர் இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுவிய பையன் பெங்களூருக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். கை வைக்க எல்லோருக்கும் பயம். அவர்களுக்கு நான் பொதுவாகச் சொல்வது, அதே வகையைச் சேர்ந்த ஆல்மாலினக்ஸ். ஏன் என்பதும், எப்போது வேறொன்றைச் சொல்வேன் என்பதும் கீழே வருகிறது.

எங்கள் சென்ட்ஓஎஸ் 7 நன்றாகத்தானே ஓடுகிறது. எதற்கு மாற்ற வேண்டும்?

ஓடும். இன்னும் சில வருடம்கூட ஓடும். ஆனால் 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு அதற்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட எந்த ஓட்டையும் உங்கள் இயந்திரத்தில் அடைபடவில்லை. மிரர்களின், அதாவது மென்பொருள் நகல் வைத்திருக்கும் சர்வர்களின், பட்டியலைத் தந்த முகவரியையும் மூடிவிட்டார்கள். மென்பொருள் நிறுவும் 'யம்' கட்டளை கொடுத்தால் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று அது புலம்புவது அதனால்தான். இணையத்தில் தேடி, ரெப்போ (மென்பொருள் கிடங்கு) முகவரியை 'வால்ட்' என்ற பழைய கிடங்குக்கு மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்று சிலர் நிம்மதியாகிறார்கள். பிழைச்செய்தி போய்விடும், உண்மைதான். ஆனால் அந்தக் கிடங்கில் இருப்பதெல்லாம் அப்போதே நின்றுபோன பழைய சரக்கு. புதிதாக ஒரு திருத்தமும் அங்கே வராது.

எவ்வளவு அவசரம் என்பது இயந்திரம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. மில்லுக்குள் தனி ஸ்விட்சில், இணையமே இல்லாமல், எடைமேடைக் கணக்கை மட்டும் வைத்திருக்கிறதா? திட்டம் போட்டு நிதானமாக மாற்றலாம். பொது ஐபி கொடுத்து, மாணவர்கள் தேர்வு முடிவு பார்க்கத் திறந்து வைத்திருக்கிறீர்களா? இந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள்.

சென்ட்ஓஎஸ் ஏன் இப்படிப் பாதியில் நின்றது? நாங்கள் பத்து வருடம் என்றல்லவா நம்பினோம்?

நீங்கள் நம்பியதில் தப்பில்லை. அது வந்த வழியைக் கொஞ்சம் பார்த்தால் விளங்கும்.

ரெட் ஹாட் நிறுவனம் 'ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ்' என்ற சர்வர் இயங்குதளத்தைச் சந்தாவுக்கு விற்கிறது. சுருக்கமாக ரெல் என்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் திறமூல மென்பொருள். அதனால் மூலநிரலை எல்லோரும் எடுக்கும்படி பல வருடம் வெளியிட்டு வந்தார்கள். அந்த மூலநிரலை எடுத்து, ரெட் ஹாட்டின் பெயரையும் சின்னத்தையும் நீக்கி, மறுபடி கட்டி, இலவசமாகக் கொடுப்பதற்காக 2004-இல் பிறந்ததுதான் சென்ட்ஓஎஸ். சந்தா கட்ட முடியாத உலகம் முழுக்க அது பரவியது. நம்மூர்க் கல்லூரி ஆய்வகங்களும் அந்த உலகத்தில்தான் இருந்தன.

2014-இல் ரெட் ஹாட்டே அந்தத் திட்டத்தைத் தன் அரவணைப்பில் எடுத்துக்கொண்டது. 2019 ஜூலையில் ஐபிஎம், ரெட் ஹாட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. அதே வருடம் செப்டம்பரில் சென்ட்ஓஎஸ் 8 வந்தது. 2029 வரை ஆதரவு உண்டு என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள். 2020 டிசம்பர் 8 அன்று ஓர் அறிவிப்பு: சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31-ஓடு முடிகிறது, இனி 'சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம்' மட்டும்தான். ஏழு வருடத்துக்கும் மேலான காலத்தை ஒரு பதிவில் வெட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், முந்தைய பதிப்பான 7-ஐ அதன் தேதி வரை காப்பாற்றினார்கள். புதியதற்கு மாறாமல் சோம்பேறித்தனமாக இருந்தவர்கள் தப்பினார்கள், ஒழுங்காக மாறியவர்கள் மாட்டினார்கள்.

ரெட் ஹாட்டைத் திட்டுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலிலும் மற்றவற்றிலும் வேலை செய்யும் பொறியாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அவர்கள். அதை இலவசமாக எடுத்து ஓட்டுவது நாம். ஆனால் கொடுத்த தேதியை நடுவழியில் மாற்றியது தவறு. சர்வர் உலகில் தேதிதான் வாக்கு.

சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் போட்டால் என்ன?

கெட்டது என்று சொல்ல முடியாது. ரெல்லின் அடுத்த சிறுபதிப்பில் வரப்போவது முதலில் அதில் வரும். முன்பு சென்ட்ஓஎஸ் ரெல்லுக்குப் பின்னால் வந்தது, ஸ்ட்ரீம் அதற்கு முன்னால் போகிறது. பெரிய நிறுவனங்கள் அதை ஓட்டுகின்றன, அவர்களிடம் சோதிக்க ஆள் இருக்கிறது. ஆதரவுக் காலமும் பத்து வருடம் இல்லை, ஏறக்குறைய அதில் பாதிதான். ஒரே ஓர் ஆள், அவரும் ஆய்வக உதவியாளர் வேலையோடு சர்வரையும் பார்க்கிறார் என்றால் வேண்டாம்.

ஆல்மாலினக்ஸ் யாருடையது? நாளைக்கு இதையும் யாராவது வாங்கி மூடிவிட்டால்?

2020 அறிவிப்புக்குப் பிறகு கிளவுட்லினக்ஸ் என்ற நிறுவனம் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொல்லித் தொடங்கியது. முதல் நிலையான பதிப்பு 2021 மார்ச் 30-இல் வந்துவிட்டது. அதன் உரிமை கிளவுட்லினக்ஸிடம் இல்லை, ஆல்மாலினக்ஸ் ஓஎஸ் அறக்கட்டளை என்ற லாபநோக்கற்ற அமைப்பிடம் இருக்கிறது. உறுப்பினராகச் சேரக் கட்டணம் கிடையாது. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடமும் அமெரிக்காவின் ஃபெர்மிலேபும் 2022 டிசம்பரில் தங்கள் சோதனைகளுக்கு ஆல்மாவைப் பொதுத் தளமாகத் தேர்ந்தெடுத்தன. ஒருகாலத்தில் சயின்டிஃபிக் லினக்ஸ் என்று சொந்தமாகவே ஒன்றைக் கட்டியவர்கள் அவர்கள்.

மூடவே மாட்டார்கள் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் மூடினாலும் உங்களுக்கு வெளியேற வழி இருக்கிறது. ஆல்மா, ராக்கி, ஆரக்கிள் லினக்ஸ், ரெல் ஆகிய நான்கும் ஒரே குடும்பம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அதே பெரும்பதிப்புக்குள் (8-க்கு 8, 9-க்கு 9), உங்கள் மென்பொருளைத் தொடாமல் மாறலாம். 2021-இல் சென்ட்ஓஎஸ் 8 வைத்திருந்தவர்கள் தப்பியதும் இப்படித்தான்.

அப்படியானால் ராக்கியா, ஆல்மாவா?

ராக்கி லினக்ஸைத் தொடங்கியவர் கிரெகரி குர்ட்சர். சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவரோடு அன்று இருந்து மறைந்த ராக்கி மெக்காவின் பெயரைத்தான் இதற்கு வைத்தார். முதல் முழுப்பதிப்பு 2021 ஜூனில் வந்தது.

இரண்டு வருடம் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 2023 ஜூனில் ரெட் ஹாட் இன்னொரு கதவையும் சாத்தியது. ரெல்லின் மூலநிரல் இனிச் சந்தாதாரர்களுக்கு மட்டும், பொதுவில் ஸ்ட்ரீமின் மூலநிரல் மட்டும் என்றது. அங்கேதான் இருவரும் பிரிந்தார்கள். ராக்கி, ரெல்லோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பதே நோக்கம் என்று, பொதுவில் கிடைக்கும் கன்டெய்னர் படிமங்கள் (நிரலை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொட்டலங்கள்) போன்ற வேறு வழிகளில் மூலநிரலைத் திரட்டிக் கட்டுகிறது. ஆல்மா, ஒவ்வொரு பிழையும் ஒத்திருக்க வேண்டியதில்லை, ரெல்லில் ஓடும் நிரல் இதிலும் ஓடினால் போதும் என்று இலக்கை மாற்றிக்கொண்டது. அதனால் ரெட் ஹாட் தொடாத ஒன்றைத் தானே சரிசெய்யவும், அவர்கள் தூக்கியெறிந்த பழைய வன்பொருள் ஆதரவைத் திரும்பச் சேர்க்கவும் அதற்குச் சுதந்திரம் கிடைத்தது.

நம்மூரில் பாதிச் சர்வர் செகண்ட் ஹேண்ட். அதனால் நான் ஆல்மா பக்கம். உங்கள் மென்பொருள் விற்பனையாளர் "ராக்கியில்தான் சோதித்தோம்" என்றால் வாதாடாமல் ராக்கியைப் போடுங்கள். இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று மாதக்கணக்கில் யோசித்து, அந்த மாதங்களில் பழைய 7-ஐ இணையத்தில் விட்டு வைப்பதுதான் உண்மையான தப்பு.

உபுண்டு, டெபியன் எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?

அவையும் இலவச லினக்ஸ்கள்தான். உங்களுக்கு அவை பழக்கம் என்றால் அவற்றையே வையுங்கள். டெபியன் முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துவது. சமூகம் என்று சொல்ல அதைவிடப் பொருத்தமானது இல்லை. நூலகத்துக்கு கோஹா என்ற நிர்வாக மென்பொருளைப் போடுகிறவர்களுக்கும் டெபியன் குடும்பம்தான் வசதி.

ரெல் குடும்பத்தைத் தேடி வருபவர்களுக்கு இரண்டு காரணம். ஒன்று, விற்பனையாளர் கொடுத்த மென்பொருள் ரெல்லுக்கு என்றே எழுதப்பட்டிருக்கும். இன்னொன்று, காலம். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கும் டெபியனுக்கும் பொதுவாக ஐந்து வருடம். ஆல்மா 9-க்கு 2032 மே வரை, 10-க்கு 2035 மே வரை. ஒருமுறை போட்டுவிட்டு, பெரிய மாற்றம் இல்லாமல் இயந்திரத்தின் ஆயுள் முழுக்க ஓட்டலாம்.

உண்மையிலேயே ஒரு பைசா இல்லையா? தணிக்கையில் பில் கேட்கிறார்கள்.

உரிமத்துக்கு ஒரு பைசா இல்லை. எத்தனை இயந்திரம், எத்தனை சிபியு, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கும் இல்லை. வாங்காத பொருளுக்குப் பில் வராது. இருப்புப் பதிவேட்டில் மென்பொருளின் பெயர், பதிப்பு, "திறமூல உரிமம், கட்டணம் இல்லை" என்று எழுதி, உரிம வாசகத்தை அச்சிட்டு இணைத்துவிடுங்கள்.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க், யுபிஎஸ் பேட்டரி, மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கும் ஆளின் நேரம். இந்த மூன்றாவதை எந்த நிர்வாகமும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. எழுதச் சொல்லுங்கள். போன் செய்தால் எடுக்க ஆள் வேண்டும் என்றால் ஆல்மாவுக்கு டக்ஸ்கேர், ராக்கிக்கு சிஐக்யூ என்று கட்டண ஆதரவு தரும் நிறுவனங்களும் இருக்கின்றன.

செகண்ட் ஹேண்டில் டெல் ஆர்720 சர்வர் வாங்கியிருக்கிறோம். புதுசு என்று ஆல்மா 10-ஐப் போடலாமா?

மிக நல்ல கேள்வி, பலர் வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள்.

ரெல் 9-இலிருந்து பழைய பிராசஸர்களைக் கழிக்கத் தொடங்கினார்கள். 9-க்கு எக்ஸ்86-64-வி2 என்ற பிராசஸர் வசதி மட்டம் தேவை. இன்டெல்லில் சுமாராக 2008 நெஹாலெமுக்குப் பிந்தியவை அதில் தேறும். 10-க்கு வி3 தேவை, அதாவது ஏவிஎக்ஸ்2 வசதி. இன்டெல்லில் அது 2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையிலிருந்துதான். ஆர்720-இல் இருப்பது அதற்கு முந்திய சாண்டி பிரிட்ஜ் அல்லது ஐவி பிரிட்ஜ். எனவே ரெல் 10 அதில் ஏறவே ஏறாது. ஆர்730 என்றால் ஏறும். இயந்திரத்தில் 'எல்எஸ்சிபியு' கட்டளை கொடுத்து, வரும் நீண்ட வரியில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் கடையிலேயே இதைப் பார்க்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆல்மா 10 இங்கேதான் கைகொடுக்கிறது. வி2 பிராசஸர்களுக்கென்றே தனியாக ஒரு கட்டமைப்பை வெளியிடுகிறார்கள். பதிவிறக்கும்போது அந்தப் படிமத்தை (நிறுவல் கோப்பை) தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: வெளியார் ரெல் 10-க்கென்று கட்டிய பொதிகள் (நிறுவும் மென்பொருள் கட்டுகள்) வி3-க்குக் கட்டப்பட்டிருக்கலாம், அவை இதில் ஓடாது. அந்தத் தலைவலி வேண்டாம் என்றால் 9-ஐப் போடுங்கள். 2032-க்குள் ஆர்720 தானே ஓய்வு கேட்டுவிடும்.

அடுத்து, பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்ட் கார்டு. நிறுவல் திரை வந்து, "டிஸ்க் எதுவும் இல்லை" என்று காட்டினால் டிஸ்க் செத்துவிட்டது என்று பதறாதீர்கள். ரெல் 8-லும் 9-லும் பழைய கார்டுகள் பலவற்றின் அடையாள எண்களை டிரைவரிலிருந்து நீக்கிவிட்டார்கள். கார்டு நன்றாக இருக்கும், கர்னலுக்கு அதை அடையாளம் தெரியாது. ஆல்மா 9.4-இல் இப்படி நீக்கப்பட்ட பலவற்றைத் திரும்பச் சேர்த்தார்கள். அதில் மெகாரெய்ட் குடும்பமும் எச்பி கார்டுகளின் டிரைவரும் உண்டு. மற்றவற்றுக்கு 'இஎல்ரெப்போ' என்ற தன்னார்வலர் ரெப்போவில் டிரைவர் கிடைக்கலாம்.

பழையதை அழிக்காமல் இருந்த இடத்திலேயே 7-இலிருந்து 9-க்கு மாற்ற முடியுமா?

முடியும். 'எலிவேட்' என்ற கருவியை ஆல்மா குழு இதற்காகவே பராமரிக்கிறது. 7-இலிருந்து 8, பிறகு 8-இலிருந்து 9 என்று படிப்படியாக ஏற வேண்டும், தாவ முடியாது.

ஆனால் என் பரிந்துரை புதிதாக நிறுவுவதுதான். வேறு டிஸ்கில் ஆல்மாவைப் போட்டு, தரவை மட்டும் கொண்டுவாருங்கள். பழைய டிஸ்கைக் கழற்றி, தேதி எழுதி, பீரோவில் வையுங்கள். ஏதாவது கோளாறு என்றால் அதைத் திரும்பச் சொருகினால் பழைய நிலைக்கு வந்துவிடலாம். எலிவேட் நடுவில் நின்றுபோனால் அப்படி ஒரு வாய்ப்பு இல்லை. அதுவும் பல வருடமாகப் பலர் கைவைத்து, எங்கிருந்தோ கொண்டுவந்த பொதிகள் கலந்து கிடக்கும் சர்வர் என்றால் அது நடுவில் நிற்பதற்கான வாய்ப்பு அதிகம்.

இயங்குதளத்தை மாற்றுவது ஒரு நாள் வேலை. அதன்மேல் ஓடும் உங்கள் பழைய நிரலை எழுப்புவதுதான் பெரிய வேலை. சென்ட்ஓஎஸ் 7-இல் வந்தது பிஎச்பி 5.4. ஆல்மா 9-இல் பிஎச்பி 8. அந்தக் காலத்தில் மாணவர் புராஜெக்டாக எழுதி, அப்படியே கல்லூரியின் நிரந்தரச் சொத்தாகிவிட்ட வருகைப்பதிவு நிரல்களில் 'மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்' என்று தொடங்கும் வரிகள் நிறைந்திருக்கும். அந்தச் செயல்கூறுகளை பிஎச்பி 7-லேயே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றையும் 'மைஎஸ்க்யூஎல்ஐ'க்கு மாற்ற வேண்டும். டேட்டாபேஸைப் பொறுத்தவரை கோப்புகளை அப்படியே நகலெடுக்காமல், பழையதில் டம்ப் (தரவை எழுத்துக் கோப்பாக்கிய நகல்) எடுத்துப் புதியதில் ஏற்றுங்கள்.

பாதுகாப்பு ஸ்கேன் செய்தவர்கள் "அப்பாச்சி வெப் சர்வர் பழைய பதிப்பு, ஆபத்து" என்று சிவப்பில் எழுதிவிட்டார்கள். இணையத்திலிருந்து புதியதை எடுத்துக் கட்டிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில்தான் அதிகச் சர்வர்கள் கெடுகின்றன.

ரெல் குடும்பத்தில் பதிப்பு எண்ணைப் பத்து வருடம் ஏறத்தாழ அப்படியே வைத்திருப்பார்கள். ஆல்மா 8-இல் அப்பாச்சி 2.4.37 என்றுதான் இருக்கும், கர்னல் 4.18 என்றுதான் இருக்கும். புதிய பதிப்பில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய நிரலில் தைத்துவிடுவார்கள், வேட்டியை மாற்றாமல் கிழிசலை மட்டும் தைப்பதுபோல. 'பேக்போர்ட்' என்பது இதுதான். தைத்ததற்கு அடையாளமாக, எண்ணின் வாலில் இருக்கும் வெளியீட்டு எண் கூடும். மலிவான ஸ்கேன் கருவிகள் வாலைப் பார்ப்பதில்லை. முதல் எண்ணைப் பார்த்துவிட்டு, இதில் இத்தனை ஓட்டை என்று பட்டியல் போட்டுவிடும்.

அறிக்கையில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சிவிஇ எண், அதாவது எல்லோருக்கும் பொதுவான அடையாள எண், இருக்கும். அந்தப் பொதியின் மாற்றப் பதிவை 'ஆர்பிஎம்' கட்டளையால் எடுத்து, அந்த எண் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அடைபட்டுவிட்டது. அந்த வரியை அச்சிட்டு அறிக்கையோடு வைத்தால் விவரம் தெரிந்த தணிக்கையாளர் ஏற்றுக்கொள்வார். எண் இல்லை என்றால் முதலில் அப்டேட் செய்யுங்கள், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். நீங்களே மூலநிரலிலிருந்து அப்பாச்சியைக் கட்டிப் போட்டால் அறிக்கை அன்றைக்குப் பச்சையாகும். அதன் பிறகு அதற்குத் திருத்தம் கொண்டுவருவது யார்? நீங்கள்தான், ஒவ்வொரு முறையும், கையால்.

எஸ்இலினக்ஸை எப்படி ஆஃப் செய்வது?

எல்லா யூடியூப் பாடமும் முதல் வரியில் இதைத்தான் சொல்லித் தருகிறது, எனக்கு எரிச்சலூட்டும் விஷயமும் அதுதான்.

எஸ்இலினக்ஸ் இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கும் காவல் அமைப்பு. அது ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு லேபிள் ஒட்டுகிறது. எந்த லேபிள் எதைத் தொடலாம் என்று சட்டம் இருக்கிறது. உங்கள் பிஎச்பி நிரலில் ஓட்டை இருந்து யாரோ உள்ளே வந்தாலும், வெப் சர்வரின் லேபிளுக்கு அனுமதி இல்லாத கோப்பை அவரால் தொட முடியாது. நாம் எழுதும் பிஎச்பியின் தரத்துக்கு இந்தக் காவல் அவசியம்.

நடைமுறையில் தொல்லை மூன்று இடத்தில் வரும். உங்கள் ஹோம் டைரக்டரியில் வைத்து அன்ஜிப் செய்த தளத்தை 'எம்வி' கட்டளையால் வெப் டைரக்டரிக்கு நகர்த்துவீர்கள். பழைய லேபிளும் கூடவே வந்துவிடும், உலாவியில் 403 (அனுமதி இல்லை) என்ற பிழை வரும். 'ரிஸ்டோர்கான்' கொடுத்தால் சரியான லேபிள் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, ஓடிபி அனுப்ப உங்கள் நிரல் எஸ்எம்எஸ் கேட்வேயைக் கூப்பிடும், இணைப்பு மறுக்கப்படும். வெப் சர்வர் தானாக வெளியே பேசக்கூடாது என்பது இயல்புச் சட்டம். அதற்கென்று ஒரு பூலியன் சுவிட்ச் இருக்கிறது, 'எச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட்' என்று. 'செட்செபூல்' கட்டளையில் நிரந்தரமாக்கும் குறியோடு அதை ஆன் செய்யுங்கள். மூன்றாவது, மாணவர் புகைப்படம் ஏற்றும் ஃபோல்டர். அதற்கு மட்டும் எழுத அனுமதிக்கும் லேபிள் கொடுங்கள், முழுத் தளத்துக்கும் கொடுக்காதீர்கள்.

எது தடுக்கப்பட்டது என்று தெரியவில்லையா? ஆடிட் லாகில் ஏவிசி என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். கண்டுபிடிக்கும்வரை 'பெர்மிஸிவ்' நிலைக்கு மாற்றலாம். அது தடுக்காது, எழுதி மட்டும் வைக்கும். வேலை முடிந்ததும் திரும்ப ஆன் செய்யுங்கள்.

கடையில் டேலி ஓடுகிறது. இதில் ஓடுமா?

ஓடாது. அது விண்டோஸுக்கான மென்பொருள். இதற்காகக் கஷ்டப்பட வேண்டாம். டேலி விண்டோஸிலேயே இருக்கட்டும். அதன் பேக்கப் மட்டும், விண்டோஸோடு ஃபோல்டர் பகிரும் சாம்பா வழியாக ஆல்மா சர்வருக்கு தினமும் இரவு வரட்டும். ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) விண்டோஸைப் பிடித்தால் பகிர்ந்த ஃபோல்டரையும் பிடிக்கும் என்பதால், சர்வர் அந்தக் கோப்புகளை விண்டோஸ் தொட முடியாத இன்னொரு இடத்துக்கு 'ஆர்சிங்க்' மூலம் நகலெடுத்துத் தேதிவாரியாக வைக்க வேண்டும். கீழமாசி வீதியில் கடை, அண்ணா நகரில் வீடு என்றால் வாரம் ஒரு நகல் வீட்டுக்கும் போகட்டும்.

தமிழில் பெயர், முகவரி வைத்திருக்கிறோம். சிக்கல் வருமா?

யூனிகோடில் இருந்தால் வராது. டேட்டாபேஸை 'யுடிஎஃப்8எம்பி4' என்று அமையுங்கள். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டிய பழைய தரவு என்றால் அது உண்மையில் ஆங்கில எழுத்துகளாகச் சேமிக்கப்பட்டிருக்கும். சர்வரை மாற்றினால் தானாகச் சரியாகாது, மாற்றிக் கருவியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

அகர வரிசையைக் கவனியுங்கள். யூனிகோட் அட்டவணையில் 'ன' உட்கார்ந்திருப்பது 'ந'வுக்கு அடுத்து, 'ம'வுக்கு முன்னால். எண் வரிசைப்படி அடுக்கினால் கனகா முதலில், கமலா பிறகு வரும். நம் நெடுங்கணக்கில் கமலாதான் முதல். குறைந்தபட்ச நிறுவலில் தமிழ் மொழிப் பொதி வராது. 'ஜிலிப்சி லாங்பேக் டிஏ' என்பதைச் சேர்த்து, தமிழ் லொக்கேலில் (மொழி அமைப்பில்) அடுக்கிப் பாருங்கள். கமலா முன்னால் வருகிறாரா என்பதே சோதனை.

மாதாந்திர மின்தடை, நடுவில் திடீர் கட். சர்வர் தாங்குமா?

அறிவித்த மின்தடைக்குக் காலையிலேயே நீங்களே ஒழுங்காக அணைத்துவிடலாம். அறிவிக்காததுதான் ஆபத்து. ஆல்மாவின் இயல்பான கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ். திடீரென்று மின்சாரம் போனாலும் அது தன் கட்டமைப்பை ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேட்டிலிருந்து மீட்டுக்கொள்ளும். டேட்டாபேஸில் இன்னோடிபி வகை அட்டவணைகளும் அப்படியே. பழைய நிரல்களில் இருக்கும் மைஐசாம் வகை அட்டவணைகள் இப்படித் தானாக மீளாது, உடையக்கூடும். அவற்றை மாற்றிவிடுங்கள், ஒரு வரிக் கட்டளைதான்.

யுபிஎஸ் வாங்கும்போது பின்பக்கம் யுஎஸ்பி தரவுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'நட்' என்ற மென்பொருள் பேட்டரி அளவைப் படித்து, தீருவதற்கு முன் சர்வரைத் தானே அணைத்துவிடும். அது ஈபெல் என்ற கூடுதல் மென்பொருள் ரெப்போவில் கிடைக்கும்.

கத்திரி வெயிலில் ஏசி நின்றுபோன அறையில் சர்வர் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'ஐபிஎம்ஐடூல்' வெப்பநிலையைக் காட்டும். வரம்பு தாண்டினால் அஞ்சல் அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

அப்டேட் எப்போது, எப்படி?

பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகப் போட 'டிஎன்எஃப் ஆட்டோமேட்டிக்' இருக்கிறது. கர்னல் மாறினால் ரீபூட் தேவை. மாதம் ஒரு ஞாயிறு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய கர்னல் சரியாக எழவில்லை என்றால் பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுக்கலாம், மூன்று கர்னல்கள் வரை வைத்திருக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை 9.4, 9.5, 9.6 என்று சிறுபதிப்பு வரும். "9.4 போதும், அதிலேயே நிற்கிறோம்" என்று சொல்ல முடியாது. இலவசத்தில் கடைசிச் சிறுபதிப்புக்கு மட்டும்தான் திருத்தம். பழையதில் நிற்க வேண்டும் என்றால் ரெட் ஹாட் அதற்கென்று தனிச் சந்தா விற்கிறது.

தேர்வு முடிவு வாரம் ரீபூட் செய்யாதீர்கள். சித்திரைத் திருவிழாவில் தேரோட்ட நாளும் வேண்டாம். சர்வர் எழவில்லை என்றால் மாசி வீதிகளைத் தாண்டிக் கடைக்கு வண்டியில் போய்ச் சேர முடியாது. டெல் என்றால் ஐடிராக் என்ற தொலைநிர்வாக இணைப்பை முன்பே சோதித்து வைத்திருந்தால் வீட்டிலிருந்தே திரையைப் பார்க்கலாம்.

மாணவர்கள் இதில் பழகினால் வேலைக்கு உதவுமா?

உதவும். ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழ்த் தேர்வு கேள்வித்தாள் இல்லாத செய்முறைத் தேர்வு. இயந்திரத்தைக் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்வார்கள். அதற்குத் தேவையான கட்டளைகளையெல்லாம் மடிக்கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் ஆல்மா போட்டே பழகலாம். அசல் ரெல்லே வேண்டும் என்றாலும் தனிநபர்களுக்கான டெவலப்பர் சந்தா இலவசம், 16 இயந்திரங்கள் வரை.

மாட்டிக்கொண்டால் யாரிடம் கேட்பது?

ஆல்மாவுக்கும் ராக்கிக்கும் அரட்டைக் குழுக்களும் பிழைப் பதிவேடும் உண்டு. பதில் சொல்பவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்வதில்லை. "சர்வர் வேலை செய்யவில்லை, அவசரம்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், 'ஜர்னல்சிடிஎல்' காட்டும் கடைசி வரிகள் என்ன என்பதை ஒட்டுங்கள். கடவுச்சொல், பொது ஐபி இரண்டையும் அழித்துவிட்டு ஒட்டுங்கள்.

இவ்வளவு இலவசமாக வாங்குகிறோம். நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

நீங்கள் பார்த்த பிழையைப் பதிவேட்டில் எழுதுவதே பெரிய உதவி, முக்கியமாகப் பழைய வன்பொருளில் வருவது. மற்ற நாடுகளில் தூக்கிப்போட்ட இயந்திரங்களை நாம் இன்னும் ஓட்டுகிறோம். நல்ல இணைய வேகமும் டிஸ்க் இடமும் இருக்கும் கல்லூரி என்றால் மிரர் நடத்தலாம். வளாகத்துக்குள் ஆய்வகம் முழுக்க அப்டேட் உள்வலையிலேயே முடிந்துவிடும், வெளியாருக்கும் பயன். முதலில் உங்கள் இணையச் சேவையாளரிடம் வெளியே செல்லும் திசையின் வேகம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் போடும் எண் பெரும்பாலும் உள்ளே வரும் திசைக்கு.